புள்ளிக் கணக்கு

கானாடுகாத்தானில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு
அறுபத்து நாலு அறை, இருபத்தாறு புள்ளி.
வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் விளக்கெரிவது
என் மாடி அறையிலும்
வாட்ச்மேன் செபஸ்தியான் இருக்கும் பின்கட்டிலும் மட்டும்.
மீதி நாளில் யாருக்காவது கல்யாணம்.

ஆயிரம் இலை போட வளவு,
ஆயிரத்துக்கும் வடிக்க அண்டா,
அண்டாவை வைக்க அறை,
அறையைப் பூட்ட முழ நீளச் சாவி.
உச்சத்துக்கென்று கட்டியது
சராசரியில் சும்மா கிடக்கிறது.
என் ஆய்வின் முதல் பத்தியை
இதைவிடச் சுருக்கமாக எழுத வரவில்லை.

நான் அனுப்பும் சிக்னலும் இப்படி ஒரு கூட்டுக் குடும்பம்.
இருநூற்று ஐம்பத்தாறு துணை அலைகள்,
ஒரே கூரை, தனித்தனி அடுப்பு,
ஒன்றின் குழம்பு மற்றதில் சிந்தாது.
ஒன்று ஏற ஒன்று இறங்க
மொத்தம் முனகலாகவே ஓடும்.
எப்போதாவது, லட்சத்தில் ஒரு நொடிக்கு,
பாதிப்பேர் சேர்ந்து ஒரே பக்கம் தலையாட்டிவிடுவார்கள்.
ஒற்றுமை.
பெருக்கி திணறும், முகடு மழுங்கும்,
அடுத்தவன் அலைவரிசையில் போய் வழியும்.
பெரிய பெருக்கியாக வாங்கு என்பது
இந்த வீட்டைக் கட்டியவர்களின் பதில்.
கரண்ட் பில் கட்டுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

ஆகவே அலைகளைப் பதினாறு பங்காக்கி
ஒவ்வொரு பங்கையும் திருப்பிப் பார்க்கிறேன்:
அப்படியே, கால் வட்டம், அரை, முக்கால்.
முதல் பங்கைத் தொடாமல் விட்டாலும்
நூற்றேழு கோடியே முப்பத்தேழு லட்சத்துச் சொச்சம் வழி.
அத்தனையும் பார்க்க ஏது நேரம்,
அடுத்த குறியீடு வாசலில் நிற்கிறது.

முப்பது துகள்களை அவிழ்த்து விடுகிறேன்.
தான் கண்ட நல்ல பள்ளத்தை ஒவ்வொன்றும் மறக்காது;
கூட்டத்தில் வேறெது கண்டதோ அதையும் எட்டிப் பார்க்கும்;
கொஞ்சம் குருட்டு வேகமும் உண்டு.
நாற்பது சுற்று. ஆயிரத்து இருநூறு பார்வை.
கிடைப்பது ஆகச் சிறந்தது அல்ல,
பெருக்கி தாங்கக்கூடியது.

தையில் ஒன்பதாம் புள்ளி வீட்டில் கல்யாணம்.
தேவகோட்டையிலிருந்து ஜெனரேட்டர் வந்தது,
கூடவே என் வயசில் ஓர் எலக்ட்ரீஷியன், சவரிராயன்.
மாப்பிள்ளை அழைப்பு முடிந்து வந்தவர்கள்
ஏழே முக்காலுக்கு எல்லா அறையிலும் ஏசியைப் போட
டப்.
"சின்னதா ஜெனரேட்டர் கொண்டாந்தது யாரு?"
இருட்டில் பட்டுப்புடவைகள் உரசும் சத்தம்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஃப்யூஸ்களை மொத்தமாகப் பிடுங்கினான்,
அரை நிமிஷ இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சொருகினான்.
இரண்டாங்கட்டு மறுபடி போனது. வரிசையை மாற்றினான்.
பிறகு நின்றது, அதே ஜெனரேட்டரில்.

எந்த வரிசை என்று எப்படித் தெரியும், கேட்டேன்.
"தெரியாதுங்க. சத்தம் எறங்குற வரைக்கும் மாத்துவேன்."
வியர்வையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டான்.

அன்று விடியற்காலை என் திரையில்
பதினொன்றிலிருந்த டெசிபெல் ஏழுக்கு இறங்கியது.
சொல்ல ஆளில்லை.

ஒன்று பாக்கி.
திருப்பியவள், எவ்வளவு திருப்பினேன் என்று
மறுமுனைக்குச் சொல்லியாக வேண்டும்.
முப்பது பிட். பக்கத் தகவல் என்று பெயர்.
அது தொலைந்தால்
புள்ளிகள் எல்லாம் இடம் மாறி உட்காரும்,
ஒவ்வொன்றும் தெளிவாக, ஒவ்வொன்றும் தப்பாக.

நாங்கள் இருவரும் கேட்டிருந்த வேலை
உமையாளுக்குக் கிடைத்த அன்று
"ரொம்ப சந்தோஷம்டி" என்று அனுப்பினேன்.
அரை வட்டம் திருப்பியது.
அவள் அப்படியே படித்துக்கொண்டு
பெட்டி கட்ட வாயேன் என்றாள்.
போனேன். அவள் புத்தகங்களைச் சணலால் கட்டினேன்.
எதுவும் எரியவில்லை, அது உண்மை.

கீழே ஜெனரேட்டரை லாரியில் ஏற்றுகிறார்கள்.
செபஸ்தியான் அறை அறையாக அணைத்து வருகிறார்.
முப்பது பிட்டுக்குள் அடங்குமா என்று
ஃபோனை எடுத்து
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.